ஞானராஜின் வலது கைக்கு ஒரு கம்ப்யூட்டர்

பிரிஸ்கில்லா யாரைப் பார்த்தாலும் முதலில் கையைப் பார்ப்பாள், பிறகுதான் முகம். இளம் வயதில் கன்னியாஸ்திரிகளிடம் நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி எடுத்து, திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வந்த பழக்கம் அது. வலியை முகத்தில் காட்டாமல் மறைக்கிற ஆள்கூட, படுக்கை விரிப்பைப் பிடிக்கிற பிடியில் காட்டிக்கொடுத்துவிடுவார்.

அதனால்தான் 2007ஆம் வருடம் ஆகஸ்டில் ஒரு மத்தியானம், அவள் வீட்டுக்காரர் ஞானராஜ் டீ டம்ளரை நழுவவிட்டபோது, சிந்திய டீயை அவள் பார்க்கவில்லை. டம்ளர் போன பிறகும் எதையோ பிடித்திருப்பது போலவே நின்ற விரல்களைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். ஆட்டோவைக் கூப்பிட்டாள். செத்த நேரம் படுத்தால் சரியாகிவிடும் என்று சொல்ல முயன்றார் ஞானராஜ். வார்த்தை குழறியது. ரத்தக் கொதிப்பு மாத்திரையை அவர் தானாகவே நிறுத்தியிருந்தார் என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

உயிர் பிழைத்தார். சில வாரங்களில் பேச்சு திரும்பியது. வலது கையும் வலது காலும் திரும்பவில்லை.

ஞானராஜ் பூ வண்டி ஓட்டுகிறவர். நிலக்கோட்டைச் சந்தையில் மல்லிகை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, மொட்டு விரிவதற்குள் திருச்சியில் இறக்கியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலைதான். வண்டி முதலாளி வேலுசாமி நல்ல மனிதர். தற்காலிகமாக இன்னொரு டிரைவரைப் போட்டுவிட்டு, தை பிறக்கிறவரைக்கும் ஸ்டியரிங் ஞானராஜுக்குத்தான் என்று நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஞானராஜ் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். தைக்குள் வண்டியில் ஏறிவிட வேண்டும். ஏற வேண்டுமானால் கையும் காலும் வர வேண்டும், அதற்குப் பயிற்சி செய்ய வேண்டும். பயிற்சியை மட்டும் அவர் செய்யவில்லை.

பிசியோதெரபிக்காரர் கொடுத்த ரப்பர் பந்தைச் சுவர்ப்பக்கம் உருட்டிவிட்டார். தான் என்ன பச்சைப் பிள்ளையா என்று கேட்டார். தட்டிலிருந்து தண்ணீர்ச் செம்புவரை எல்லாவற்றுக்கும் இடது கையை நீட்டினார். இப்படிப்பட்ட நோயாளிகளைப் பிரிஸ்கில்லா நிறையப் பார்த்திருக்கிறாள். நல்ல கை எல்லா வேலையையும் எடுத்துக்கொள்ளும், விழுந்த கை அப்படியே மறந்துபோகும். முதல் ஆறு மாதத்தில் வருவதுதான் பெரும்பாலும் வரவு. அதை அவரிடம் கோபமாகவும் சொன்னாள், பொறுமையாகவும் சொன்னாள். இரண்டுக்கும் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

செப்டம்பர் கடைசியில் ஆஸ்பத்திரிச் சீட்டை ஜெராக்ஸ் எடுக்க ஒரு பிரவுசிங் சென்டரில் நின்றார்கள். உள்ளே இரண்டு காலேஜ் பையன்கள் கார் பந்தய விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஞானராஜ் கைத்தடியை ஊன்றி வாசலில் நின்றபடி திரையைப் பார்த்தார். கார் படுவேகத்தில் ஒரு வளைவுக்குப் போனது. பையன் வேகத்தைக் குறைக்கவில்லை. அப்போது ஞானராஜின் வலது பாதம் தரையை ஓர் அழுத்து அழுத்தியது.

அவருக்கே அது தெரியாது. பக்கத்தில் ஒருவன் வண்டியை மோசமாக ஓட்டினால் எல்லா டிரைவருக்கும் கால் அப்படித்தான் பிரேக்கைத் தேடும். அந்தப் பாதத்தை ஒருமுறை அழுத்திக் காட்டச் சொல்லி பிசியோதெரபிக்காரர் வாரக்கணக்கில் கெஞ்சியிருந்தார். பிரிஸ்கில்லா ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு, அந்தக் கம்ப்யூட்டரை மேலும் கீழும் பார்த்துவிட்டு வந்தாள்.

சென்டருக்கே அவரைத் தினமும் கூட்டிப்போக வழியில்லை. தன் நடையை நாலு பேர் பார்ப்பார்கள் என்று கோயிலுக்கே வராத மனிதர், காலேஜ் பையன்களுக்கு நடுவில் உட்காரமாட்டார். வீட்டில்தான் வேண்டும். புதுசு வாங்குவது நினைத்துப் பார்க்கிற விஷயமில்லை. சமையல் மேடைக்குக் கடப்பாக்கல் போட வைத்திருந்த பணம் இருந்தது. மேடை காத்திருக்கும், கை காத்திருக்காது என்று கணக்குப் போட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த சங்கிலி என்பவனை அவளுக்குத் தெரியும். அவன் தாயார் அவளுடைய வார்டில் இருந்தவர்.

"யாருக்குக்கா, மகனுக்கா?"

"என் வீட்டுக்காரருக்கு."

"அண்ணன் கேமெல்லாம் ஆடுவாரா?"

"ஆட வைக்கணும்."

சங்கிலி அதற்குமேல் கேட்கவில்லை. கணக்கு எழுதவும் படம் பார்க்கவும் எந்தப் பழைய பெட்டியும் போதும், விளையாட்டுக்கு அது ஆகாது என்று விளக்கினான். வேகமான பிராசஸர் வேண்டும், படத்தை ஓட்டத் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும், இரண்டுக்கும் கரண்டைக் குறைவில்லாமல் கொடுக்கிற பவர் சப்ளை வேண்டும். எல்லாமே பழசில் கிடைக்கும், ஆனால் ஒரே இடத்தில் கிடைக்காது.

பெட்டி வேடசந்தூரில் கிடைத்தது. அந்தப் பக்கத்து நூற்பு மில் ஆபீஸ்களில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்கள் ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தன. வாங்க ஆளில்லை. கொஞ்ச நேரம் ஓடினால் சூடாகி நின்றுவிடும் என்று அவற்றுக்குக் கெட்ட பெயர். சங்கிலி சொல்லி அனுப்பியபடி மூடியைக் கழற்றிப் பார்த்தாள். போர்டில் சின்னச் சின்ன உருளைகளாக நிற்கிற கண்டென்சர்களின் தலை வீங்கியிருந்தால் தொடக்கூடாது. கருகிய வாடை வந்தாலும் வேண்டாம். வீக்கம் பார்க்கவும் வாடை பிடிக்கவும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குனிந்து குனிந்து மோந்து பார்த்தவளைக் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள். கடைசியில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கிராபிக்ஸ் கார்டு, மூடுகிற நிலையிலிருந்த ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வந்தது. அதன் குட்டி விசிறி கீச்சென்று கத்தியது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டதும் அடங்கியது. ஒரு போட்டோ ஸ்டுடியோ தள்ளிவிட்ட கனமான மானிட்டரில் ஒரு மூலை மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. கார் ஓட்ட அந்த மூலை தேவையில்லை என்று எடுத்துக்கொண்டாள். பவர் சப்ளையை மட்டும் சங்கிலி தன் கடையிலிருந்தே கொடுத்தான். எல்லாவற்றையும்விட அவள் தேடி அலைந்தது விளையாட்டு ஸ்டியரிங் ஒன்றையும் அதோடு வரும் கால் பெடல்களையும்தான். இழுத்து மூடிய ஒரு வீடியோ கேம் கடையில் அது இருந்தது. பெடலின் ஸ்பிரிங் தொய்ந்துபோயிருப்பதாகச் சொல்லி வேண்டாம் என்றான் சங்கிலி. அதனால்தான் அது வேண்டும் என்றாள் பிரிஸ்கில்லா. வலுவில்லாத காலுக்கு வலுவில்லாத ஸ்பிரிங்தான் முதலில் சரி. கால் தேறத் தேற, சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிப் பெடலுக்குக் கட்டி இறுக்கிக்கொள்ளலாம்.

விடுமுறை நாட்களில் சங்கிலியின் மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். எந்த ஒயர் எங்கே என்று அவன் சொல்லுவான், கை அவளுடையது. மில் பெட்டியின் கெட்ட பெயருக்குக் காரணம் உள்ளே இருந்தது. பிராசஸர் மேலிருந்த விசிறிக்குக் கீழே, உலோகத் தகடுகளின் இடுக்கெல்லாம் பஞ்சுத் தூசி படிந்து கம்பளி மாதிரி கெட்டியாகியிருந்தது. வீட்டுக்கு எடுத்துவந்து இடுக்கியும் பெயிண்ட் பிரஷ்ஷும் வைத்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உரித்தாள். தகட்டைக் கழற்றியபோது அடியில், பிராசஸர் முதுகில், வெள்ளையாக ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. பொருக்கைக் கண்டால் அவளால் விடமுடியாது. ஸ்பிரிட்டால் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, தகட்டையும் விசிறியையும் மறுபடி மாட்டி, ஸ்விட்சைப் போட்டாள்.

விளையாட்டு ஆரம்பித்தது. கார் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் திரை அணைந்தது. மறுபடி போட்டாள். மறுபடி அணைந்தது.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஏ பிரிசி, உன் கம்ப்யூட்டருக்கும் வாதமா?"

விழுந்த நாளிலிருந்து அவர் செய்த முதல் கேலி அது. பிரிஸ்கில்லா அதை மனதில் குறித்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு சங்கிலியிடம் போனாள். அவன் தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"புண்ணைச் சுத்தம் பண்ணீங்க சரி. மருந்து வைக்காமக் கட்டுப் போட்டுட்டீங்களே அக்கா."

அந்த வெள்ளைப் பசைதான் பிராசஸரின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்துவது. பழசைத் துடைத்தால் புதுசு தடவியாக வேண்டும். எவ்வளவு என்று கேட்டாள். ஓர் உளுந்து அளவு என்றான். உளுந்து அளவு வைத்து, தகட்டை நேராக இறக்கி அழுத்தினாள். அதன்பிறகு அந்த மெஷின் அவளுக்குத் தொந்தரவு கொடுக்கவில்லை.

ஞானராஜ் முதல் நாள் கட்டிலிலிருந்தே பார்த்தார். இரண்டாம் நாள் நாற்காலிக்கு வந்தார். பிரிஸ்கில்லா அவருடைய வலது உள்ளங்கையைத் துணிப்பட்டையால் ஸ்டியரிங்கோடு சுற்றிக் கட்டினாள். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொன்னாள். கையை எடுத்தால் ஸ்விட்சை அணைப்பேன் என்றாள், ஒருமுறை அணைத்தும் காட்டினாள்.

வெளிநாட்டு விளையாட்டு அது. வண்டிகளெல்லாம் வலது பக்கம் போகும். ஞானராஜ் நம்மூர் வழக்கப்படி இடது பக்கமே பிடித்தார். எதிரே வந்தவன் மீதெல்லாம் மோதினார்.

"எதுத்தாப்புல வாரவன் அம்புட்டுப் பேரும் ராங் சைடுலயே வாரான். எவன் இவனுகளுக்கு லைசென்ஸ் குடுத்தது?"

ஹாரன் எங்கே என்று கேட்டார். இல்லை என்று தெரிந்ததும், ஹாரன் இல்லாமல் எவன் வண்டி விடுவான் என்று வாயாலேயே அடித்துக்கொண்டு போனார்.

அவருடைய அக்கா ஜெயமேரி ஒருநாள் வந்து இதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏத்தா, அடுப்படியில மேடை இல்ல, கீழ குத்தவச்சு ஆக்குற. இவனுக்கு வீடியோ கேம் கேக்குதாக்கும்?"

"பந்து குடுத்தேன் மதினி, உருட்டி விட்டுட்டாரு. கார் குடுத்திருக்கேன், பிடிச்சுக்கிட்டு இருக்காரு" என்றாள் பிரிஸ்கில்லா. மதினிக்கு டீ போடப் போனாள்.

தீபாவளி கழிந்தபோது துணிப்பட்டை தேவைப்படவில்லை. விரல்கள் தாமாகவே ஸ்டியரிங்கைப் பற்றின. டிசம்பரில் சட்டைப் பொத்தானைப் போட்டார், கிறிஸ்துமஸ் சாப்பாட்டை வலது கையால் பிசைந்தார். பாதி இலைக்கு வெளியே விழுந்தது, கூட்டி அள்ளினால் போயிற்று. பெடலில் சைக்கிள் டியூப் பட்டை இரண்டு ஏறியிருந்தது. மாத்திரைகளை அவள் எதிரில்தான் விழுங்கவேண்டும் என்பதும் வழக்கமாகிவிட்டது. விழுந்த கையை இவ்வளவு தூரம் கொண்டுவந்ததைப் பார்த்து பிசியோதெரபிக்காரர் என்ன செய்தீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஆனால் ஒரு மலைப்பாதை இருந்தது. இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவு. ஞானராஜ் ஒவ்வொரு முறையும் அங்கே பள்ளத்தில் விழுந்தார். பிரேக் பிடிக்கவில்லை, பழைய சாமான் அப்படித்தான் இருக்கும் என்று திட்டினார். சங்கிலி வந்து பெடலைப் பிரித்துப் பார்த்து, தானே உட்கார்ந்து அந்த வளைவை ஓட்டினான். கார் நின்றது. அவன் பிரிஸ்கில்லாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, எதற்கும் ஒரு புது ஸ்க்ரூ போட்டிருக்கிறேன் என்று சொல்லிப் போய்விட்டான். பிரிஸ்கில்லாவுக்குக் காரணம் தெரியும். ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குப் பாதம் தூக்கி மாறுகிற அந்த நொடி, அவருக்கு இரண்டு நொடி ஆயிற்று. அவள் வாயைத் திறக்கவில்லை. தை பிறக்கச் சில நாட்களே இருந்தன.

அதே வளைவில் மறுபடி விழுந்த ஒரு காலையில், ஞானராஜ் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீ உக்காரு."

"நான் சைக்கிள்கூட ஓட்டினதில்ல."

"உக்காரு பிரிசி."

உட்கார்ந்தாள். கோணல்மாணலாக ஓட்டி வளைவுக்கு வந்தாள். பயத்தில் பிரேக்கை மிதித்தாள். கார் பள்ளத்துக்கு முன்னால் நின்றது. ஞானராஜ் தடியை ஊன்றி நின்றபடி திரையையே பார்த்தார்.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்றார். "என் காலுதான் லேட்டா வருது."

பிரிஸ்கில்லா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஆமாம் என்றாள். இன்னும் கொஞ்சம் வேகம் வரும், முழு வேகம் வராது என்றும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். அன்று முழுவதும் விளையாடவில்லை, சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்தார். மறுநாள் காலை தானாகவே மெஷினைப் போட்டார்.

பொங்கல் கழிந்து வேலுசாமி வந்தார். சட்டைப் பொத்தானையும் கையையும் பார்த்து முகம் மலர்ந்து, திங்கட்கிழமையே வண்டி எடுக்கலாமா என்று கேட்டார். பிரிஸ்கில்லா அடுப்படியில் காது கொடுத்து நின்றாள். சரி என்று ஞானராஜ் சொன்னால் குறுக்கே போய் நிற்க வேண்டியிருக்கும், அதற்கும் தயாராகத்தான் இருந்தாள்.

"வேணாம் முதலாளி" என்றார் ஞானராஜ். "விடியக்கருக்கல்ல ரோட்டோரமா மில்லு வேலைக்குச் சனம் சைக்கிள்ல போகும். என் காலு நம்புறாப்புல இல்ல. அந்தப் பையனையே வச்சுக்கங்க."

வேலுசாமி, அப்படியானால் சந்தையில் தன் ஷெட்டில் ஓர் ஆள் வேண்டும் என்றார். எந்த மூட்டை எந்த வண்டியில், எது முதலில் கிளம்ப வேண்டும் என்று பார்த்து அனுப்புகிற வேலை. அது ஞானராஜுக்குத் தலைகீழ்ப் பாடம். பிரிஸ்கில்லா வெளியே வந்தாள். கைவைத்த நாற்காலி ஒன்று போட வேண்டும், முதல் மாதம் பாதி நாள்தான் வேலை, மூட்டை தூக்கச் சொல்லக்கூடாது என்று அங்கேயே பேசி முடித்தாள்.

முதல் நாள் அவளும் கூடப் போனாள். பஸ் படியில் அவர் எந்தக் காலை முதலில் வைக்கிறார் என்று பார்க்க வேண்டியிருந்தது. சந்தையில் மல்லிகை வந்து இறங்கிக்கொண்டிருந்தது. புது டிரைவர் வண்டியை ஷெட்டுக்குள் பின்னால் எடுக்கத் தடுமாறினான். ஞானராஜ் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நீட்டினார்.

"வரட்டும், வரட்டும். லேசா இடது பக்கம் ஒடி. போதும்."

அந்தக் கை தோளுக்கு மேலே எழவில்லை. கண்ணாடியில் டிரைவருக்கு அது தெரிந்தது, வண்டி நின்றது. அடுத்த வண்டி ஹாரன் அடித்தது, அவர் அதன் பக்கம் திரும்பினார்.

பிரிஸ்கில்லா எட்டு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும். திண்டுக்கல் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே போய் ஏறினாள்.