ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஃபிரிட்ஜ்

எங்கள் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். தேனி ஆஸ்பத்திரியில் இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். என் மனைவியைத் தையல் ஆறட்டும் என்று போடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் அங்கே உட்கார்ந்து பாலைப் பீய்ச்சிச் சின்னக் குப்பிகளில் பிடித்து ஃபிரிட்ஜில் வைப்பாள். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் காலை பஸ்சில் ஐஸ் பெட்டியோடு கொண்டுபோய்க் கொடுப்பேன். பிள்ளையின் வயிற்றுக்கு வேறு எந்தப் பாலும் இப்போதைக்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நாள் முழுக்கப் பாடுபட்டால் மூன்று குப்பி தேறும். அதற்கே அவள் முகம் வெளுத்துப்போகும்.

அந்த வாரம் பார்த்துத்தான் எங்கள் ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணியது.

"குப்பி சில்லுன்னே இல்லங்க" என்றாள் காலையில். தொட்டுப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர் அளவுக்குத்தான் குளிர்ச்சி இருந்தது. மேலே ஐஸ் தட்டில் பாதி தண்ணீர். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "சும்மா சும்மா தொறந்தா எப்பிடிக் குளிரும்?" என்று கத்தினேன். "பாலு வைக்கத்தான தொறக்கேன், பாட்டு கேக்கவா தொறக்கேன்?" என்று அவளும் விடவில்லை.

தேனிக்கு மறுநாள்தான் போகவேண்டும். பக்கத்து வீட்டில் ஐஸ் வாங்கிக் குப்பிகளைப் பெட்டிக்குள் புதைத்தேன். அவர்கள் ஃபிரிட்ஜிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்தான். மீனுக்குப் பக்கத்தில் பிள்ளையின் பாலை வைக்க இவளுக்கு மனம் வரவில்லை. அந்த ஐஸ் மத்தியானம் வரைக்கும் தாங்கினால் பெரிய காரியம்.

ஃபிரிட்ஜ் மெக்கானிக் ராசிங்காபுரத்துக்காரர். போனில் பிடித்தேன். "கையில ஒரு சோலி கெடக்குண்ணே, முடிச்சிட்டு வெரசா வர்றேன். அதுக்குள்ள நீங்க கொஞ்சம் பாருங்க" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிளக் ஆடவில்லை. உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகு நடு அளவில்தான் இருந்தது. கதவு இடுக்கில் ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தி இழுக்கச் சொன்னார். இழுத்தேன், கிழிந்ததே தவிர வரவில்லை. ரப்பர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். மோட்டார் மட்டும் சிறிது நேரம் முனகிவிட்டு 'டக்' என்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முனகியது. ஃபிரிட்ஜை விற்ற கடைக்காரனையும் கரண்டையும் நான் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் வந்தார். பையைக்கூடத் திறக்கவில்லை. அடுப்படி வாசலிலேயே நின்று பார்த்தார்.

"ஏண்ணே, இத ஏன் இப்பிடிப் போர்த்தி வச்சிருக்கீங்க?"

போர்த்தி வைத்திருந்தது நான்தான். மலையில் எங்களுக்கு இருக்கும் துண்டு நிலத்துக் காய் நான்கு மூட்டை, விலை ஏறட்டும் என்று வீட்டில் கிடந்தது. மழைக்காலத்தில் ஏலக்காய் ஈரம் குடித்தால் பச்சை வெளுத்து, ஏலத்தில் கேட்பாரற்றுப் போகும். ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் எப்போதும் வெதுவெதுப்பாக இருப்பதைக் கண்டுபிடித்து, சுவரோடு தள்ளி, இரண்டு பக்கமும் பின்னாலும் மூட்டைகளை நெருக்கி அடுக்கியிருந்தேன். செலவில்லாமல் காய் காயவைக்கிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

நானும் அவரும் மூட்டைகளை இழுத்துப் போட்டோம். ஃபிரிட்ஜை ஒரு சாண் முன்னே நகர்த்தி, பின்னால் அப்பிக் கிடந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டினார். அரை மணி நேரம் ஆறவிட்டுப் போட்டார். முனகல் இல்லாமல் ஓடியது.

"தொட்டுப் பாருங்கண்ணே" என்று என் கையைப் பக்கத் தகட்டில் வைத்தார். சுட்டது.

"மோட்டார் சூடா?"

"அதுவும் கொஞ்சம் இருக்கும். ஆனா ஃபிரிட்ஜு குளிர உண்டாக்குறதில்லண்ணே. உள்ள வச்ச பொருள்ல இருக்குற சூட்ட அள்ளியாந்து வெளிய கொட்டுது. அம்புட்டுத்தான். கொட்ட எடமில்லாம நீங்க மூட்டையப் போட்டு அடச்சிட்டீங்க."

அவர் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீயை வாங்கிக் குடித்தார். எனக்குக் கையை எடுக்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷமாகக் கதவைத் திறந்து குளிரை மட்டுமே பார்த்திருக்கிறேன். இந்தச் சில நாட்களாக வெளியே வந்துகொண்டிருந்தது என் மனைவியின் உடம்பிலிருந்து பாலோடு இறங்கிய சூடு. அதைத்தான் நான் பிடித்து வைத்து ஏலக்காயைக் காயவைத்திருக்கிறேன். வெட்கமாகவும் இருந்தது, ஆச்சரியமாகவும் இருந்தது. அவளைக் கூப்பிட்டு அவள் கையையும் அங்கே வைத்தேன். "ஆத்தாடி, இது என் சூடா?" என்றாள். காலையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

பெட்டியில் ஐஸ் கரைந்து முடிவதற்குள் ஃபிரிட்ஜ் குளிர்ந்துவிட்டது. குப்பிகள் தப்பின.

மறுநாள் தேனியில் நர்ஸ் ஒரு குப்பியை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தினார். பிறகு சிரிஞ்சில் ஏற்றி மூக்குக் குழாயோடு பொருத்தித் தூக்கிப் பிடித்தார். பால் தானாகவே இறங்கியது. கையைக் கழுவிக்கொண்டு தொட்டுப் பார்க்கச் சொன்னார். இன்குபேட்டர் துவாரம் வழியாகக் கையை விட்டு மகளின் முதுகில் வைத்தேன். முதுகு முழுவதும் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

"நல்லாச் சூடா இருக்காளே. பெட்டியோட சூடுதான?" என்று கேட்டேன்.

"பெட்டியில சூட்ட நேத்தே கொறச்சிட்டோம் சார்" என்றார் நர்ஸ். "இது அவளே உண்டாக்குற சூடு."