ஒன்பதாவது கோடு

என் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் லைன்மேன். கல்யாண வீட்டுக்குப் போனால்கூடப் பந்தியைப் பார்க்க மாட்டான். வாசல் சீரியல் செட்டுக்கு எங்கிருந்து லைன் எடுத்திருக்கிறார்கள் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான். காற்று மாதத்தில் கம்பி அறுந்து ஊர் இருட்டானால் எல்லோர் வீட்டிலும் சலிப்பு வரும், அவனுக்கு மட்டும் சுறுசுறுப்பு வரும். எனக்கு அவன் இரண்டு வயது மூப்பு. நான் ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் அவன் வீட்டு வாசலில் இறங்கிவிடலாம்.

தேவதானத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பி வரும்போது நாய் குறுக்கே ஓடியிருக்கிறது. ஹெல்மெட் போட்டிருந்தான். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு எலும்புகூட ஒடியவில்லை. வலது தோள் தரையில் மோத விழுந்திருந்தான். கேள்விப்பட்டு வந்தவர்கள் எல்லோரும் கர்த்தர் காப்பாற்றினார் என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கையை மட்டும் தூக்க வரவில்லை.

மதுரையில் பெரிய டாக்டர் என்னையும் மதினியையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் வேரோடு பிய்ந்துவிட்டன. ஆபரேஷன் செய்தால் முழங்கையை மடக்கும் அளவுக்கு வரலாம். விரல் பிடிப்பு வராது. இனிக் கம்பம் ஏறுகிற வேலையை நினைக்க வேண்டாம்.

வெளியே வந்ததும் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவியளுக்கு இது தெரிய வேண்டாம். கை வந்துரும்னு நெனச்சுத்தான் ரெண்டு வாய் சாப்பிடுதாக. நீ ஒண்ணும் சொல்லிப்புடாத."

நான் தலையாட்டினேன். அந்த இடத்தில் வேறு என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தான். நரம்பு வளர நாளாகும், பொறுமையாக இருங்கள் என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். பொறுமையாக இருக்கத் தெரியாத ஆள் அவன். டிவி பார்க்கப் பிடிக்காது, படுத்தால் வலி. கழுத்துப் பட்டையில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் பஸ் ஏறிவிடுவேன். போய் அவன் எதிரில் உட்கார்ந்தால் பேச ஒன்றும் இருக்காது. கையைப் பற்றித்தான் பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் ஒரு வாரம் குறுக்கெழுத்துப் புதிர் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன்.

"பள்ளிக்கூடப் பிள்ளையாக்கிட்டியா என்ன?" என்று கேட்டான். ஆனாலும் பேனாவை இடது கையில் வாங்கினான்.

முதல் குறிப்பு: கல்லூரியில் வாங்கலாம், மொட்டை மாடியில் பறக்க விடலாம், நான்கெழுத்து. செத்த நேரம் யோசித்து, "பட்டம்" என்றான். எழுதத்தான் நேரமாயிற்று. 'ட்' கட்டத்துக்கு வெளியே போய் விழுந்தது. அடுத்தது, காலை போன பிறகு வரும், கழுத்திலும் விழும். இதை மதினி அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டாள். "மாலை!" அண்ணன் சிரித்தான். விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

இன்னொரு நாள், உடன்பிறந்தவள், முடிவில் கை, மூன்றெழுத்து என்று வந்தது. தங்கை என்று எழுதினான். எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"பாத்தியா ஏட்டி, எனக்கு ஒரு கை இங்க உக்காந்திருக்குன்னு எழுதியிருக்கான்."

தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன்.

சொல் புதிரிலிருந்து மெல்ல அறிவுப் புதிருக்கு வந்தான். அறைக்கு வெளியே மூன்று சுவிட்ச், உள்ளே ஒரு பல்பு. ஒரே தடவைதான் உள்ளே போய்ப் பார்க்கலாம், எந்த சுவிட்ச் பல்புக்கு உரியது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஒண்ணைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டு அணைச்சிரணும். ரெண்டாவதப் போட்டுட்டு உள்ள போகணும். எரிஞ்சா ரெண்டாவது. எரியாம சுட்டா மொதலாவது. சுடாம கெடந்தா மூணாவது. ஆனா இதெல்லாம் குண்டு பல்பு காலத்துக் கதை. இப்ப எல்இடி. தொட்டுப் பாத்து என்னத்தக் கண்டுபிடிக்க?"

அந்த மாதங்களில் அவன் நன்றாகத்தான் இருந்தான். டாக்டர் சொன்னதைச் சில நேரம் நானே மறந்துபோயிருந்தேன்.

பிறகுதான் அந்தப் புதிர் வந்தது. அவனோடு வேலை பார்க்கிற ஒருவர், ஆலங்குளத்துக்காரர், பார்க்க வந்த இடத்தில் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு வரைந்து காட்டியிருக்கிறார். மேலே மூன்று வீடு. கீழே தண்ணீர் டேங்க், டிரான்ஸ்பார்மர், கேபிள் டிவி ஆபீஸ். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று இடத்திலிருந்தும் லைன் வர வேண்டும், மொத்தம் ஒன்பது. ஒரு கோடு இன்னொரு கோட்டை வெட்டக் கூடாது. எப்படி வேண்டுமானாலும் சுற்றிக்கொண்டு வரலாம்.

"ஊருக்கே லைன் இழுத்தவன்ட்ட வந்து இதக் கேக்கான் பாரேன்" என்று அண்ணன் போனில் என்னிடம் சொன்னான். கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அது முடியாத புதிர். எட்டுக் கோடு வரும், ஒன்பதாவது வரவே வராது. கணக்குப் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம்தான். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது கூடத்துத் தரை முழுக்கச் சாக்பீஸ் கோடு. இடது கைக்குத் தாளின் அளவு போதவில்லை என்று சிமெண்டுத் தரைக்கு வந்துவிட்டான். வீடுகளைச் சதுரமாக, டேங்க்கை வட்டமாக வரைந்து, முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து கோடு இழுத்துக்கொண்டிருந்தான். முகம் வேர்த்திருந்தது.

"எட்டு வந்துருச்சு ஏட்டி. இந்தா பாரு. கடைசி வீட்டுக்கு டிரான்ஸ்பார்மர்ல இருந்து ஒண்ணே ஒண்ணுதான் நிக்குது."

"அண்ணே, இது..." என்று ஆரம்பித்தேன். அடுப்படி வாசலில் மதினி நின்றிருந்தாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள். பிறகு பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னாள்.

"அதுலயே கெடக்காக. கையப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. அது பாட்டுக்கு இருக்கட்டும், விடு."

இரண்டாவது தடவையும் தலையாட்டினேன். மதினி தினமும் காலையில் தரையைத் துடைத்துவிடுவாள். அவன் காபி குடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வரைவான். பிசியோதெரபிக்குப் போக நேரமில்லை என்பான். பள்ளிக்கூட இடைவேளையில் போன் வரும். "டேங்க்கப் பின்னால தள்ளி வச்சா வரும்னு தோணுது" என்பான். சாயங்காலம் இன்னொரு போன், குரல் இறங்கி இருக்கும். நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஸ்டாஃப் ரூமில் பக்கத்து மேஜை டீச்சர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், "யாரு, உங்க அண்ணாவா? பாவம்" என்பார். பாவம் என்று சொல்வதற்கு மேல் அவராலும் முடியாது, என்னாலும் முடியவில்லை.

ஒரு நாள் போனில் அவன் குரல் தெளிவாக இருந்தது.

"ஏட்டி, எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது. தப்பு புதிர்ல இல்ல, என் இடது கையில. கோடு நெளியுது, எடத்த அடைச்சிருது. வலது கை வரட்டும். வந்துட்டா ஒரு நிமிசத்துல போட்டுக் காட்டுறேன்."

போனை வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். போர்டில் என்ன எழுதினேன் என்று நினைவில்லை. கையைப் பற்றிப் பேச வாய் வராவிட்டாலும் இந்தப் புதிரைப் பற்றியாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன்.

அந்த ஞாயிறு மதினி பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாக்பீஸை வாங்கினேன்.

"அண்ணே, இது வராது."

"யார் சொன்னா?"

"நான் காட்டுறேன். மொத வீட்டுல இருந்து டேங்க்குக்கு ஒரு கோடு. டேங்க்ல இருந்து ரெண்டாவது வீடு. அங்க இருந்து டிரான்ஸ்பார்மர். அதுல இருந்து மூணாவது வீடு, பொறவு கேபிள் ஆபீஸ், திரும்ப மொத வீடு. ஆறு கோடு ஆச்சா? ஒரு வளையம் மாதிரி வந்துருச்சு."

"ஆமா."

"இன்னும் மூணு கோடு பாக்கி. மூணுமே வளையத்துல எதிரும் புதிருமா இருக்கிறத இணைக்கணும். ஒண்ண உள்ள இழுத்துரலாம். ரெண்டாவதையும் உள்ள இழுத்தா மொதக் கோட்ட வெட்டிரும். அதனால வெளிய சுத்திக் கொண்டு போகணும். இப்ப மூணாவதுக்கு? உள்ளயும் வழியில்ல, வெளியயும் வழியில்ல."

அவன் வளையத்தையே பார்த்தான். ஒரு விரலால் உள்ளே ஒரு தடவை போய்ப் பார்த்தான், வெளியே ஒரு தடவை சுற்றிப் பார்த்தான். வேறு மாதிரி வளையம் போட்டால் என்ன என்று கேட்டான். வளைத்தாலும் நெளித்தாலும் இதே கதைதான் என்றேன்.

"அப்ப வலது கை இருந்தாலும் வராது?"

"யார் கையாலயும் வராதுண்ணே."

"ஒனக்கு எப்பத் தெரியும் இது?"

"நீ போன்ல சொன்ன அன்னைக்கே."

"பொறவு ஏன் இத்தன நாளாச் சொல்லல?"

"நீ சந்தோசமா இருந்த. அதான்."

தலையை ஆட்டினான். இடது கையால் வலது கையைப் பட்டையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டான்.

"டாக்டர் ஒன்கிட்டயும் அவகிட்டயும் தனியா என்ன சொன்னாரு?"

இது வரும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒன்றைச் சொன்னால் மற்றதும் கூடவே வந்து நிற்கும் என்ற யோசனை எனக்கு இல்லாமல் போயிற்று. பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. உண்மையும் வரவில்லை. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, விடு. சொல்லாத" என்றான்.

ஈரக் கையோடு மதினி உள்ளே வந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணன் எழுந்து உள் அறைக்குப் போய் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டான்.

"ஒனக்கு என்ன ஏட்டி, பஸ் ஏறிப் போயிருவ" என்றாள் மதினி. "நான்தான இங்க இருக்கணும்?"

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதில் தப்பும் இல்லை. நான் அப்படித்தான் பஸ் ஏறிப் போனேன். ஜன்னலுக்கு வெளியே கம்பங்கள் வந்துகொண்டே இருந்தன, ராஜபாளையம் வரைக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் போனேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மதினி காபி கொடுத்தாள், பேசவில்லை. காபியைக் குடித்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து திரும்புவேன். ஜெபம் செய்து பார்த்தேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. பிறகு மதினி தன் அம்மா வீட்டுக்கு, கான்சாபுரத்துக்கு, அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கொஞ்ச நாள் வைத்திருந்தாள். அங்கே தோட்டத்துப் பக்கம் நடந்து திரிந்ததில் கொஞ்சம் தேறினான் என்று அவளேதான் போன் செய்து சொன்னாள். என் மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் ஆலங்குளத்துக்காரர் மறுபடியும் வந்தாராம். "அண்ணாச்சி, அந்த ஒம்பதாவது லைன் வந்துச்சா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் கோபப்படாமல் வளையத்தை வரைந்து, ஏன் வராது என்று நான் சொன்ன மாதிரியே சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

"வராதுன்னா எதுக்குண்ணாச்சி கேட்டு வச்சானுவ?" என்று அவர் கேட்டாராம். அண்ணன் அதையே போனில் என்னிடமும் கேட்டான். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

இப்போது முழங்கை பாதி மடங்குகிறது. விரல்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஆபீசிலேயே உட்கார்ந்து புகார் போன் எடுக்கிற வேலையை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சம்பளத்துக்குக் குறையில்லை, மரியாதைக்கும் குறையில்லை. சாயங்காலம் பேப்பரில் வரும் குறுக்கெழுத்தை நானும் அவனும் போனில் போடுகிறோம். அவன் இடது கை எழுத்து இப்போது கட்டத்துக்குள் நிற்கிறது.

போன ஐப்பசியில் ஒரு நாள் மழைக்கு ஒதுங்க அவன் ஆபீசுக்குள் போனேன். காற்றில் எங்கேயோ மரம் விழுந்து பாதி ஊர் இருட்டு. ஆட்கள் ஏணியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வாசலில் நனைந்துகொண்டு நின்றிருந்தான். "அந்த வளைவுல இருக்கிற கம்பம் வழுக்கும், பெல்ட்டு போட்டுட்டு ஏறுங்க!" என்று கத்தினான். சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி என்று சொல்லிக்கொண்டே அவர்கள் போய்விட்டார்கள். வண்டி திரும்பி மறைந்த பிறகும் அவன் உள்ளே வரவில்லை.

"அண்ணே, நனையுத" என்றேன்.

காதில் விழவில்லை. குடையை விரித்துக்கொண்டு, அதை அவன் தலைக்குப் பிடிக்கலாமா, பேச்சை மாற்றலாமா, எதைச் செய்தாலும் அவனுக்கு எரிச்சலாகுமா என்று நினைத்துக்கொண்டே நான் நின்றேன். உள்ளே போன் அடித்தது. விட்டு மறுபடியும் அடித்தது. அவன் முகத்தை இடது கையால் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ரிசீவரை எடுத்தான்.

"ஆமாம்மா, தெரியும். ஆள் கெளம்பிட்டாங்க. செத்த நேரம் பொறுங்க."

நான் குடையை மடக்கிவிட்டு, சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.