ஊதிக் காட்டிய மூச்சு

என் வீட்டுக்காரர் குடியை விட்டதற்கு நான்தான் காரணம் என்று எங்கள் ஊர் தோணிரேவில் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். திட்டியும் அழுதும் நான் அலுத்துப்போயிருந்த நேரத்தில், மகளிர் குழுவுக்குப் பேச வந்த மேடம் ஒரு வழி சொன்னார்.

"குடிச்சா கண்டுக்காதீங்க. குடிக்காத நாள்ல சந்தோஷமா நடந்துக்கோங்க. மனசு தானா பழகிடும்."

அப்படியே செய்தேன். குடிக்காமல் வந்தால் நண்டு வறுவல், சிரிப்பு, பேச்சு. குடித்துவிட்டு வந்தால் ஒரு வார்த்தை கிடையாது. சோற்றை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். மழைக்காலம் முடிவதற்குள் மனிதர் அடியோடு விட்டுவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன மாசியில் பசியாவரத்திலிருந்து போன் வந்தது. என் அக்கா இறந்துவிட்டாள். ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருந்த வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியாது. அவர் திரும்பி வந்தபோது நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கண்ணீரும் வரவில்லை, பேச்சும் வரவில்லை.

வலையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். என் முகத்துக்கு நேராகக் குனிந்து, வாயைத் திறந்து ஊதினார்.

"மோந்து பாருமே. சத்தியமா தொடல. எம்மேல இன்னா கோவம்?"

"அக்கா செத்துட்டா" என்றேன்.

அவர் அழுதார், பொய்யில்லை. ஆனால் அதற்கு முன்னால், ஒரு கணம், அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்துவிட்டேன். கோபம் தன்மேல் இல்லை என்ற நிம்மதி.

யாரைத் திட்டுவது? மேடம் சொன்னபடியே அவர் மனசு நன்றாகப் பழகியிருந்தது. பழக்கியவள் நான்.