நட்டின் மேல் ஒரு கோடு

பிளம்பர் அந்தோணியின் மேல் விழுந்த பழி என்னுடையது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தேன். பாய்லருக்குத் தண்ணீர் போகும் செப்புக் குழாய் ஒழுகியது. சுற்றிலும் பஞ்சுத் தூசு, நெருப்பு ஆகாது. அதனால் அந்தோணி ஈயம் உருக்கிப் பற்றவைக்காமல், பித்தளை வளையமும் நட்டும் போட்டு முடுக்கினார்.

"பத்த வெக்காத ஜாயிண்ட் நிக்குமா?" என்று சிரித்தேன்.

"நிக்குமுங்க சார். இதுக்கு மேல முடுக்கிராதீங்க, வளையம் நசுங்கிப் போயிரும்."

அவர் போனதும் ஸ்பேனரை எடுத்து இன்னொரு சுற்று முடுக்கினேன். மறுநாள் காலையில் அந்த ஜாயிண்ட் ஒழுகி, பக்கத்தில் ஏற்றுமதிக்கு அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் நனைந்து கிடந்தன. முதலாளி அந்தோணியை வரவழைத்து, இனி இந்த வாசலை மிதிக்காதே என்று திட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஓய்வு பெற்ற பின் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். பிறகு வேலம்பாளையத்துக்குப் போய் அந்தோணியிடமும் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியுமுங்க. நட்டையும் குழாயையும் சேத்து மார்க்கர்ல கோடு போட்டிருந்தனுங்க. காலைல பாத்தா கோடு விலகியிருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு உங்க மூஞ்சியவே பாத்துட்டு நின்னனுங்க."

முதலாளி கூப்பிட்டும் அவர் அந்தக் கம்பெனிக்குப் போகவில்லை. போன மாதம் என் வீட்டு ஹீட்டர் குழாயைச் சரிசெய்ய வந்தார். நட்டை முடுக்கினார், கோடு போட்டார்.

"ஊட்டுல ஸ்பேனர் இருக்குதுங்களா சார்?"

எடுத்துக் கொடுத்தேன். தன் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.