மாமனார் வெட்டிய ஷூ

என் மாமனார் வேலை பார்க்கும் சோதனைக்கூடத்துக்குள் முழுசாகப் போன பொருள் எதுவும் முழுசாக வெளியே வராது. துணி என்றால் கிழிப்பார்கள், நனைத்துத் தேய்ப்பார்கள், பொத்தானை இயந்திரத்தில் மாட்டிப் பிடுங்குவார்கள். தோல் என்றால் பொடிப்பொடியாக நறுக்கி, ஒரு கரைசலில் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, மேலே மருந்து சொட்டுவார்கள். நீர் ஊதாவாக மாறினால், பதனிடும்போது சேர்த்த குரோமியம் உடம்புக்கு ஆகாததாக மாறிவிட்டது என்று அர்த்தம். சான்றிதழ் கிடையாது. மாறாவிட்டால் தேறியது. ஆனால் தேறினாலும் நறுக்கினது நறுக்கினதுதான். அங்கே அவருக்குப் பட்டப்பெயர் கத்திரி.

வீட்டிலும் அதே கதைதான். புதுத் துண்டு வாங்கினால், நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் அதை அவர் தேய்த்துப் பார்க்கும்வரை யாரும் முகம் துடைக்க முடியாது. நான் முதன்முதலில் அந்த வீட்டுக்குப் போனபோது என் சட்டைக் காலரைத் தடவிவிட்டு, "சாயம் நிக்காது மாப்பிள்ளை" என்றார். அடுத்த சலவையில் போயே போய்விட்டது. அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் இன்னும் முழுசாகப் போகவில்லை.

"குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை" என்று மாமியார் குத்திக்காட்டுவார்.

"குற்றம் பாக்கத்தானே எனக்குச் சம்பளம்" என்பார் மாமா.

அந்தப் பழமொழி ஒரு இடத்தில் பலித்தே விட்டது. மாமாவுக்கு ஓர் அக்கா. என் மனைவிக்கு அத்தை; அந்த முறையில் நானும் அத்தை என்றே கூப்பிடுவேன். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். ஷூ தைக்கும் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளர். அவர்கள் தைத்த குழந்தைகள் ஷூ ஒருமுறை மாமாவின் மேஜைக்கே வந்தது. நீர் ஊதாவாகிவிட்டது. தையலில் குறையில்லை, தோல்தான் மோசம். ஆனாலும் மொத்தச் சரக்கும் திரும்பிப் போனது. அத்தை தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டார். எங்கள் கல்யாணத்துக்கு வந்தார், எங்களை வாழ்த்தினார், தம்பி நின்ற பக்கம் திரும்பவே இல்லை. மாமா அன்று எவ்வளவு நொறுங்கிப்போனார் என்பதைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன்.

எங்கள் மகளுக்குப் பல் முளைக்கும் சமயத்தில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஜோடி தோல் ஷூ. கடிதம் எதுவும் இல்லை. மாமா தையலைப் பார்த்ததும், "எங்க அக்கா தச்சது" என்றார். அன்று முழுக்க அதைக் கையைவிட்டு இறக்கவில்லை.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். மாலையில் ஒற்றை ஷூவும் ஒரு சின்னக் கவருமாகத் திரும்பினார்.

"இது என்னப்பா கூத்து?" என்று என் மனைவி கத்தினாள்.

"பிள்ளை எல்லாத்தையும் வாயில வைக்குதும்மா. பாக்காம எப்படிப் போடுறது?" என்றவர், நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "கை பழக்கத்துல வெட்டிடுச்சு. வெட்டின பிறகுதான் அக்கா தச்சத வெட்டிட்டோமேன்னு உறைச்சுது."

அந்த நேரம் பார்த்து அத்தையிடமிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்க வருகிறாராம். இத்தனை காலம் கழித்துத் தானாகத் திறந்த கதவு. இரண்டாவது முறையாகவும் தம்பி தன் ஷூவை வெட்டியிருக்கிறான் என்று தெரிந்தால், அது மறுபடி திறக்குமா?

"ரோட்ல விழுந்துடுச்சுன்னு சொல்லிடலாம் மாமா" என்றேன்.

"பொய் சர்டிபிகேட் நான் குடுத்ததில்ல மாப்பிள்ளை. அதுவும் எங்க அக்காகிட்டயா?"

ஞாயிறன்று அவரே குழந்தைக்கு அந்த ஒற்றை ஷூவை மாட்டிவிட்டார். அத்தை வந்தார். வந்ததும் குழந்தையை மடியில் வாங்கி, கன்னம், கை என்று தடவிக்கொண்டே வந்தவர் காலைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"இன்னொண்ணு எங்கடா?"

என்ன இருந்தாலும் "டா" வந்துவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. மாமா கவரை நீட்டினார். அத்தை அதைப் பிரித்து உள்ளே இருந்த துண்டுகளைப் பார்த்தார்.

"ஊதா வரலக்கா. துளிகூட வரல" என்றார் மாமா.

"எந்தக் கால்?"

"ஆங்?"

"எந்தக் கால் ஷூவ வெட்டினேன்னு கேக்குறேன்."

"இடது."

அத்தை பக்கத்திலிருந்த பையைத் திறந்து இடதுகால் ஷூ ஒன்றை எடுத்தார். அதே தோல், அதே தையல். பைக்குள் வலதுகால் ஒன்றும் இருந்தது.

"உன்னை வளத்தவடா நான். பிள்ளை வாயில போற சாமான நீ வெட்டாம விடுவியா? அதான் ரெண்டு ஜோடியா தச்சேன்." மூக்கை உறிஞ்சினார். "அன்னைக்கு நீ ஃபெயில் போட்டது சரிதான். அத யாரோ சொல்லித்தானே எனக்குத் தெரிஞ்சுது? நேரா வந்து, அக்கா, தோல் சரியில்லன்னு ஒரு வார்த்தை சொன்னியா? அந்தக் கோபம்டா எனக்கு."

மாமா சின்னப் பையன் மாதிரி அழுதார்.

"போதும், அழாத. இந்தா. இதையும் கொண்டுபோய் வெட்டப் போறியா?"

மாமா அந்த ஷூவைக் கையில் வாங்கினார். முகர்ந்து பார்க்கவில்லை. நகத்தால் சுரண்டவில்லை. கைக்குட்டையைத் தேடவும் இல்லை. அக்காவின் காலடியில் உட்கார்ந்து குழந்தையின் இடது காலில் மாட்டி நாடாவைக் கட்டினார். அவள் உடனே அந்தக் காலைத் தூக்கி ஷூவின் நுனியை வாயில் வைத்துச் சப்பினாள். மாமா தடுக்கவில்லை.