ஏப்ரல் முதல் தேதிப் பக்கம்

‘மார்ச் 31-ம் தேதி நடந்த மகளிர் கபடி இறுதிப் போட்டி பற்றித் தங்கள் டைரியில் குறிப்பு இருப்பதாக அறிகிறோம். அசல் டைரியுடன் வரவும்.’

சென்ற செவ்வாய்க்கிழமை வந்த வக்கீல் கடிதம். படித்ததும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் எழுதியதற்கு ஒரு மரியாதை!

டைரியைப் பிரித்தேன். பெருமை போயிற்று.

விஷயம் இதுதான். விளையாட்டு ஒதுக்கீட்டில் பி.டெக். படிக்க ஒரே ஓர் இடம். அது தேங்காய்த்திட்டு கோமதிக்குக் கிடைத்தது (பெயரை மாற்றியிருக்கிறேன்). மார்ச் 31 வரை ஜெயித்த போட்டிகளுக்குத்தான் மதிப்பெண் என்பது விதி. உழவர்கரையில் நடந்த அந்த இறுதிப் போட்டி அழைப்பிதழில் மார்ச் 30. விளக்குகள் எரியாததால் தள்ளிப்போனது. ஒரு நாளா, இரண்டு நாளா? சான்றிதழில் தேதி இல்லை. பத்திரிகைச் செய்தி வந்தது ஏப்ரல் 2-ல். அதிலும் ஆட்ட நாள் இல்லை. ஏப்ரல் முதல் தேதிதான் என்று பட்டியலில் அடுத்து இருந்த பெண் சென்னை உயர்நீதிமன்றம் போய்விட்டாள். அவளும் பொய் சொல்கிறவள் இல்லை... அவள் நினைவு அப்படி. வழக்கு முடியும்வரை இடம் காலியாக நிற்கிறது.

நான் நேரில் பார்த்த அந்த ஆட்டம் என் டைரியில் எங்கே இருக்கிறது? ஏப்ரல் 1-ம் பக்கத்தில்!

நான் டைரி எழுதுவது மறுநாள் காலையில், காபிக்குப் பிறகு. நேற்று நடந்ததை இன்றைய பக்கத்தில் எழுதுவேன். எனக்குத் தெரியும். நீதிபதிக்குத் தெரியுமா?

அன்று மாலையே கோமதியும் அவள் அம்மா அஞ்சலையும் வந்தார்கள். அஞ்சலை துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவர். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னா சார் நீங்க! நேத்து மீன இன்னிக்கி மீனுன்னு வித்தா என்னை வுடுவாங்களா? நீங்க நோட்டு பூரா அப்படித்தான வித்து வச்சிருக்கீங்க!”

“யம்மா, சும்மா இரு” என்ற கோமதி பக்கங்களைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். திடீரென்று நிறுத்தினாள்.

“சார், சொல்தாங்க மெடல் குத்திக்கினு ஊர்வலம் போறது ஜூலை பதினாலுதான?”

“ஆமாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம்மூர்க்காரர்கள் போவது பிரெஞ்சு தேசிய தினத்தில். அது எப்போதும் பதினாலுதான்.”

“நீங்க பதினஞ்சுல எழுதியிருக்கீங்க. குடியரசு தினம் இருபத்தேழுல இருக்கு!”

எனக்கு மூச்சு வந்தது. கடிதம் அனுப்பிய கோமதியின் வக்கீலுக்குப் போன் போட்டேன். அவர் குரலிலும் உற்சாகம்.

“சூப்பர் சார்! அப்ப அஃபிடவிட்ல ‘எல்லா நாளும் மறுநாள் பக்கத்தில்தான் எழுதுவேன்’னு போட்டுடலாம். எல்லா நாளும்தான?”

எல்லா நாளுமா?

மூன்று பேரும் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தோம். பிப்ரவரியில் மாட்டியது. விடியற்காலை பஸ்ஸில் சென்னை கிளம்ப வேண்டியிருந்ததால், ஒரு நாள் விஷயத்தை அன்று மாலையே அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு நாள். ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்காதா என்று எதிர்த்தரப்பு கேட்குமே?

“அந்த ஒண்ணை யாரு சார் பாக்கப் போறா?” என்றார் அஞ்சலை மெதுவாக.

நான் கோமதியைப் பார்த்தேன். அவள் டைரியை மூடினாள்.

“ரெய்டு போனவ கோட்ட தொட்டாளா இல்லியான்னு அம்பயருதான் சொல்லணும் சார். நானே சொல்லிக்கக் கூடாது. உள்ளத எழுதுங்க.”

‘வழக்கமாக’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிப்ரவரிப் பக்கத்தையும் குறிப்பிட்டேன். வக்கீலுக்கு வருத்தம். அஞ்சலை இன்னும் என்னோடு பேசவில்லை.

வரும் திங்கட்கிழமை விசாரணை. நடுவரின் ஸ்கோர் ஷீட் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஆட்டம் மார்ச் 31-ல்தான் நடந்தது என்பது இதை எழுதும் நேரம் வரை உறுதியாகவில்லை.

எழுதும் நேரம் — வியாழன் மாலை. டைரியிலும் வியாழன் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்!