அம்மாவின் சந்தேகம்

கோடையில் மேற்குக் காற்று திரும்பியதும் கோழிப்பண்ணை நெடி ஊருக்குள் நுழைந்து, காயப்போட்ட துணியிலும் வடித்த சோற்றிலும்கூட ஒட்டிக்கொள்ளும். புதுச்சத்திரத்தை அடுத்து, நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த எங்கள் தெருவுக்கு, ஒரு கோடையில் அந்த நெடியோடு வதந்தியும் வந்து சேர்ந்தது. வடக்கேயிருந்து "புள்ளை புடிக்கறவங்க" இறங்கியிருக்கிறார்களாம். மயக்க பிஸ்கட் கொடுத்துக் குழந்தைகளைத் தூக்கிப் போகிறார்களாம்.

சந்தேகப்பட என் அம்மாவுக்கு வதந்தி தேவைப்பட்டதில்லை. பால்காரர் ஊற்றும் பாலைத் தரையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். கோயில் விபூதியையும் முகர்ந்த பிறகே பூசுவாள். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் "ரிக்" வண்டியோடு மாதக்கணக்கில் வடமாநிலங்களில் அலைந்த அப்பா, பாஷை தெரியாத ஓர் ஊரில் காய்ச்சலில் கிடந்தபோது முன்பின் அறியாத ஒரு குடும்பம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துத் தேற்றியது என்று சொன்னதைக்கூட அவள் நம்பவில்லை. "சும்மா ஆராச்சும் கஞ்சி ஊத்துவாங்களா? என்னமோ மறைக்கறீங்க" என்றாள்.

ஒரு பிற்பகலில், கையில் காலிக் கேனோடு நடுவயதுக்காரர் ஒருவர் தெருவுக்குள் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர், வேடிக்கை பார்த்து நின்ற என் தம்பியைப் பார்த்துச் சிரித்து, சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிஸ்கட்டை நீட்டினார். அவ்வளவுதான். யாரோ கத்தினார்கள். பக்கத்து வீட்டுச் செங்கோடண்ணன் பாய்ந்துவந்து அவர் சட்டையைப் பிடித்தார். ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்; அவர் உதடு கிழிந்து ரத்தம் வடிந்தது; ஒருவர் கயிறு எடுத்துவர ஓடினார்.

பிள்ளையைப் பெற்றவள் என்பதால் அம்மாவுக்கு எல்லோரும் வழிவிட்டார்கள், அவளும் அடிப்பாள் என்றே எதிர்பார்த்தார்கள். அவள் முதலில் தம்பியின் கண்ணை விரித்துப் பார்த்தாள், வாயை முகர்ந்தாள். பிறகு பொட்டலத்தைப் பிடுங்கி, "நீ தின்னு" என்று அந்த மனிதருக்குச் சைகை காட்டினாள். ரத்தம் ஒட்டிய உதட்டோடு அவர் ஒவ்வொன்றாகத் தின்றார். கண்ணில் நீர் வழிந்ததே தவிர மயக்கம் வரவில்லை.

அம்மா திரும்பினாள். "ஏனுங்கண்ணா, புள்ளை காணோம் காணோம்ங்கறீங்களே, எந்த ஊட்டுப் புள்ளைங்க?"

"ராசிபுரத்துப் பக்கம்னு சொன்னாங்க" என்றார் செங்கோடண்ணன்.

"ஆரு சொன்னது?"

"எல்லாருந்தான் சொல்றாங்க. நீ ஒதுங்கு, தங்கச்சி."

"பேரில்லாத புள்ளைக்காக ஒரு மனுசனைக் கொல்லுவீங்களா? எங்கூட்டுக்காரரு இந்நேரம் எந்த ஊருத் தெருவுல தண்ணிக்கு நிக்கறாரோ! அவரு பேசறதும் அங்க ஆருக்கும் புரியாதுங்க."

ரிக் வண்டிக்கு ஆள் அனுப்பாத வீடு எங்கள் தெருவில் இல்லை. செங்கோடண்ணனின் மகனும் அப்போது எங்கோ வடக்கேதான் இருந்தான். அவர் கை தானாக நழுவியது. அந்த மனிதர் காட்டிய திசையில் போய்ப் பார்த்தால், சாலையோரம் அவருடைய லாரி இன்ஜின் சூடேறி ஆவி கக்கிக்கொண்டு நின்றது.

அம்மா அவரை வாசலில் உட்காரவைத்துச் சோறு போட்டாள். அதற்கு முன் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் கை கழுவும்வரை வைத்த கண் வாங்கவில்லை. லாரி கிளம்பிய சத்தம் கேட்ட பிறகு, எச்சில் இலையை எடுத்தவள் என்னிடம் மெல்லச் சொன்னாள்: "உங்கப்பா சொன்ன கஞ்சிக் கதை நெசமாத்தான் இருக்குமாட்டம் இருக்குது, கண்ணு."

இன்று சாலை அகன்றுவிட்டது. குழாயடி இல்லை, தண்ணீர் கேட்டு வருகிறவரும் இல்லை. வதந்திகள் கைபேசிக்கே வந்துவிடுகின்றன. தெருமுனையில் கேமரா மாட்டியிருக்கிறார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இருந்தவரை அந்தக் கேமராவை அவள் நம்பவேயில்லை. இனிப் பயமில்லை, வருகிற போகிற எல்லோரையும் அது பார்த்துக்கொள்ளும் என்று நான் சொன்னபோது, அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பாக்கும், சாமி. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்குமா?"